காவடிப்புழுப் பெட்டியில் பச்சைக் குளவி

அன்று காலை கோரமண்டல் ஸ்டேஷனுக்கு வண்டி வர நேரமானது. மாரிகுப்பத்திலிருந்தே இன்னும் கிளம்பவில்லை என்றார்கள். பிளாட்பாரத்தின் கடைசியில், வேலியோரமாகத் தானாக முளைத்திருந்த ஆமணக்குச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓர் இலையின் அடியில் காவடிப்புழு ஒன்று இருந்தது. முதுகை வளைத்து வளைத்து நகரும் சாம்பல் நிறப் புழு அது. ஆமணக்கு இருக்கிற இடமெல்லாம் அதுவும் இருக்கும். ஆனால் இந்தப் புழு நகரவில்லை. அதன் பின்பக்கத்தில், கடைசிக் கால்களுக்கு நடுவே, அரிசி அளவில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ஒரு குச்சியால் தொட்டேன். புழு தலையைத் தூக்கி ஆட்டியது, ஆனால் அந்தப் பொருளை விட்டு விலகவில்லை.

ஏதோ சரியில்லை என்று பட்டால் விட்டுவிட முடியாத வேலை என்னுடையது. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். போர்டைச் செய்தவர்கள் சரியாகச் செய்திருப்பார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அப்படி நினைக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருபது வருடத்துக்கு மேல் என்னோடு இருக்கிற என் கணவர் இதற்குப் பழகிவிட்டார். பால்காரர் ஊற்றும் பாலை நான் இரண்டு முறை பார்ப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

புழுவைப் போனில் படமெடுத்தேன். செடி, பூச்சி, பறவை எதைப் படமெடுத்துப் போட்டாலும் அது என்னவென்று மற்றவர்கள் சொல்கிற ஓர் இணையதளம் உண்டு. மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். வண்டியில் உட்கார்ந்ததும் அதில் போட்டேன். பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் ஒருவர் பதில் எழுதியிருந்தார். அவர் கணக்கில் முகம் இல்லை, இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன. ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியவில்லை.

அவர் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இதுதான்: அது முட்டையும் இல்லை, நோயும் இல்லை. ஒரு சின்னக் குளவி இந்தப் புழுவுக்குள் முட்டையிட்டிருக்கிறது. குஞ்சு உள்ளேயே புழுவைத் தின்று வளர்ந்து, வெளியே வந்து, அந்தக் கூட்டைப் பின்னிக்கொண்டிருக்கிறது. புழு இன்னும் சாகவில்லை, ஆனால் இனி அது சாப்பிடாது. அதைக் கூட்டோடு ஒரு டப்பாவில் வைத்தால் என்ன வருகிறது என்று பார்க்கலாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தன்னைத் தின்றதன் கூட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு புழு உட்கார்ந்திருக்கும் என்பதை யார் நம்புவார்கள்? அதனால்தான் மறுநாள் அந்தப் புழுவை எடுத்து வந்தேன்.

ஏழாம் நாள் கூட்டின் ஒரு முனை வட்டமாக, மூடி போல வெட்டப்பட்டுத் திறந்து கிடந்தது. டப்பாவின் துணி மூடியில் எறும்பை விடச் சின்னதாக ஒரு கறுப்புக் குளவி நடந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது உண்மையாக இருந்தது. அதன் பிறகு என்னால் ஆமணக்குச் செடியைக் கடந்து சும்மா போக முடியவில்லை.

மகள் மங்களூரில் நர்சிங் படிக்கிறாள். அவளுடைய அறை காலியாக இருந்தது. அதன் ஜன்னலோரம் பிரியாணி டப்பாக்கள் வரிசையாக வந்தன. மூடியை வெட்டிவிட்டுப் பழைய துப்பட்டாவின் மெல்லிய துணியை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தேன். ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினேன். வெளியே வரும் குளவிகளைப் போட்டு வைக்க ஹோமியோபதி மருந்துச் சீசாக்களைச் சேர்த்தேன். நோட்டில் தேதி, இடம், எத்தனை இலை வைத்தேன் என்றெல்லாம் எழுதினேன். எந்தப் பூச்சியின் உடம்பில் குளவி வளர்ந்ததோ அந்தப் பூச்சியைப் பாடப்புத்தகத்தில் விருந்தோம்பி என்பார்கள். குளவியை அடையாளம் காண்பது பாதி வேலைதான். அதற்கு யார் விருந்தோம்பி என்று சொல்வதுதான் மீதிப் பாதி, தப்பு நடப்பதும் அங்கேதான். இதையும் அந்த முகமில்லாதவர்தான் எழுதினார்.

சனிக்கிழமைகளில் குடையும் டப்பாவும் பூக்கண்ணாடியுமாக நந்திதுர்க் பக்கமும், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் மேடுகளான சயனைட் திட்டுகளின் அடிவாரத்திலும் புழு தேடிப் போனேன். குடையை விரித்துக் கவிழ்த்துச் செடிக்கு அடியில் பிடித்து, செடியைத் தட்டினால் புழுக்கள் குடைக்குள் விழும். பார்ப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஒரு நாள் பைக்கில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டே, "இன்னா மேடம், மண்ணு டெஸ்ட்டா?" என்று கேட்டார். "இல்லங்க, புழு," என்றேன். அவர் சிரிக்கவில்லை. திருப்பம் வரை என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

நாலாம் எண் டப்பாவில் ஆறு காவடிப்புழுக்கள் இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக அவற்றில் பழுப்புக் கூடு வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவைச் சுத்தம் செய்ய எடுத்தபோது, துணியின் உட்புறம் பளபளவென்று மூன்று பச்சைப் புள்ளிகளைப் பார்த்தேன். பூக்கண்ணாடியை வைத்தேன். மூன்றும் குளவிகள், ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாதவை. தகரத்தில் பச்சைச் சாயம் பூசியது போன்ற உடம்பு. அவற்றில் ஒன்றின் உணர்கொம்புகள் கிளை விட்டிருந்தன. மான் கொம்பு போல ஒரு குளவிக்குக் கொம்பு இருக்கும் என்று நான் எங்கும் படித்ததில்லை.

அன்று சர்ச்சுக்குப் போகவில்லை. படமெடுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. குளவி: தெரியவில்லை. விருந்தோம்பி: ஆமணக்குக் காவடிப்புழு. அப்படி எழுதிப் போட்டேன். யாரும் பார்க்காததை நான் பார்த்துவிட்டதாக நினைத்தேன்.

முகமில்லாதவர் அன்று சாயங்காலமே கேள்விகளோடு வந்தார். புழுவிலிருந்து அது வெளியே வருவதைக் கண்ணால் பார்த்தீர்களா? புழுவின் உடம்பில் துளை இருக்கிறதா? டப்பாவில் இலை இருந்ததா? எந்தச் செடியின் இலை? இலையை வைக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்களா? இந்த வகைக் குளவி பெரும்பாலும் இலைக்குள்ளே வாழும் ஈப்புழுக்களிலிருந்துதான் வரும், காவடிப்புழுவிலிருந்து வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை என்றும் சேர்த்திருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டு ஆமணக்கு ஒன்றிலிருந்து மட்டும்தான் இலை பறிப்பேன், ஒவ்வொன்றையும் இருபுறமும் துடைத்து, பூக்கண்ணாடியில் பார்த்துத்தான் வைப்பேன் என்று எழுதினேன். பதினாறு வருடமாக இதே வேலை செய்பவள் என்றும் எழுதினேன்.

"நான் உங்களைச் சந்தேகப்படவில்லை, உங்கள் டப்பாவைச் சந்தேகப்படுகிறேன்," என்று பதில் வந்தது. கூடவே ஒரு முகவரி. ஒரு குளவியைக் கெடாமல் இருக்கச் சாராயத்தில் போட்டு அனுப்பினால் தான் பார்த்துச் சொல்வதாக எழுதியிருந்தார்.

நான் அனுப்பவில்லை. தன்னை யாரென்றே சொல்லாதவர் என் குளவியைக் கேட்கிறார். அனுப்பினால் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டார் என்று என்ன நிச்சயம்? இரண்டு நாள் அந்த ஆத்திரத்திலேயே இருந்தேன். ஆனால் கேள்விகள் மனதை விட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்ததும் நாலாம் எண் டப்பாவை நியூஸ்பேப்பரில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

காவடிப்புழு இலையின் தசையைத் தின்னும், தடித்த நரம்பையும் காம்பையும் விட்டுவிடும். நோட்டின்படி நான் அந்த வாரம் வைத்த இலைகள் நாலு. பேப்பரில் ஏழு காம்புகள் கிடந்தன. நாலு காம்புகளின் முனை நேராக இருந்தது, நான் கத்தரிக்கோலால் வெட்டுவேன். மூன்றின் முனை நார் நாராகப் பிய்ந்திருந்தது. யாரோ கையால் கிள்ளியிருக்கிறார்கள்.

அந்தக் காம்புகளைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கணவர் சாப்பிடக் கூப்பிட்டார்.

"என் டப்பாவ நீங்க தொட்டீங்களா?"

"நானா? நான் அந்த ரூமுக்கே போறதில்ல. அதுங்கள பாத்தாலே எனக்குக் குமட்டிக்கினு வருது."

"இலை போட்டீங்களா?"

"சொல்றேன் இல்ல, போவலன்னு." அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "போர்டுங்கள பாக்கற மாதிரி என்னையும் பாக்கற நீ."

அவர் பங்காருப்பேட்டையில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறார். காலை எட்டு மணிக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் வருவார். பகலில் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

பழைய சுரங்கக் குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் அக்காவிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் இருக்கும். எங்கள் லைனுக்கு, எங்கள் வீட்டு வரிசைக்கு, தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் அக்காதான் எங்கள் டிரம்களையும் நிரப்புவார். அவர் கணவர் சுரங்கத்தில் கீழே வேலை பார்த்தவர், இறந்து சில வருடங்களாகின்றன. பிள்ளைகள் பெங்களூரில். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்கள் வீட்டில் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அங்கே போகும். நாங்கள் இங்கே குடிவந்த பதினோரு வருடத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஊசி கூடக் காணாமல் போனதில்லை.

இருந்தும் அன்று ராத்திரி முழுவதும் அவரைப் பற்றித்தான் யோசித்தேன். அக்கா ஏன் என் புழுக்களுக்கு இலை போட வேண்டும்? போட்டால் ஏன் சொல்லவில்லை? இரண்டு நாள் முன்னால்கூட வாசலில் நின்று பேசினோமே.

மறுநாள் காலை புழுக்களை நாலாம் எண் டப்பாவில் திரும்ப வைத்து மூடி, ரப்பர் பேண்டுக்கு அடியில் என் தலைமுடி ஒன்றைச் செருகிவிட்டுப் போனேன். ராத்திரி வந்து பார்த்தபோது முடி ஜன்னல் கட்டையில் கிடந்தது. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அதற்குள் அக்கா பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட ஆரம்பித்திருந்தேன். "இன்னிக்கி தண்ணி வந்துச்சுமா, புடிச்சு வெச்சிட்டேன்," என்றார். டிரம்களைத் திறந்து பார்த்தேன். நிரம்பித்தான் இருந்தன. அதுவும் எனக்குப் போதவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. வழக்கம் போல விடியற்காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்துவிட்டு, கணவர் போன பிறகு பின்பக்கமாக வந்து வீட்டுக்குள் நுழைந்தேன். மகளின் அறையில் கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டில் நானே திருடியைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது இன்றும் நினைவிருக்கிறது.

பத்தரை மணிக்கு முன்கதவு திறந்தது. குழாயில் காற்றுச் சத்தம் வந்தது, பிறகு தண்ணீர். டிரம் நிரம்பும் சத்தம் மாறி மாறிக் கேட்டது. பிறகு கால்சத்தம் இந்தப் பக்கமாக வந்தது.

அக்கா நேராக ஜன்னலுக்குப் போனார். நாலாம் எண் டப்பாவின் ரப்பர் பேண்டைக் கழற்றினார். கையிலிருந்த ஆமணக்கு இலையை இரண்டாகக் கிள்ளி உள்ளே வைத்தார். "துன்னு, துன்னு," என்று மெதுவாகச் சொன்னார். துணியைக் கட்டினார். அத்தோடு போயிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அவர் இடுப்பிலிருந்து போனை எடுத்தார். டப்பாக்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். சீசாக்களில் நான் ஒட்டியிருந்த எண்களைக் கிட்டப் போய் எடுத்தார். மேஜையில் இருந்த என் நோட்டைத் திறந்து அதையும் எடுத்தார்.

"இன்னாக்கா பண்றீங்க?"

அவர் திரும்பினார். முகம் வெளுத்துவிட்டது.

"வேலைக்குப் போவலியாமா?"

"போட்டோ எதுக்கு எடுக்கறீங்க?"

"இலை போட வந்தேன். பாவம், பட்டினியா கீதுங்க."

"அது சரி. போட்டோ எதுக்கு? யாருக்கு?"

அக்கா கதவுக்குப் பின்னால் கிடந்த ஸ்டூலைப் பார்த்தார். என் காலில் செருப்பில்லாததைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். குழாயை மூட மறந்துவிட்டார். நான் போய் மூடினேன்.

அவர் போட்ட இலை டப்பாவிலேயே இருந்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இலை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், யாரோ பேனாவால் கிறுக்கியது போல. பூக்கண்ணாடியில் பார்த்தால் அவை கோடுகள் இல்லை, இலையின் மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் நடுவே தோண்டிய வழிகள். சில வழிகளின் முடிவில் மஞ்சளாக ஒரு சின்னப் புழு இருந்தது. சிலவற்றில் புழுவுக்குப் பதிலாகக் கறுப்பாக வேறொன்று இருந்தது.

முகமில்லாதவர் சொன்ன ஈப்புழு இதுதான். என் வீட்டுச் செடியில் இது கிடையாது. அக்காவின் குழாயடியில் இருக்கும் ஆமணக்கில் இருந்தது. அந்த இலையை மட்டும் தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த பதினைந்து நாள் அக்கா என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுவார். தண்ணீர் வந்து போனது எங்களுக்குத் தெரியாது. கணவர் ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெருக் குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கினார். என்ன நடந்தது என்று நான் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஒளிஞ்சா பாத்த?"

நான் அக்காவைவிடப் படங்களைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். என் நோட்டு யாருக்கு வேண்டும்? முகமில்லாதவருக்கா? இவர்களுக்குள் தொடர்பு இருக்குமா? வண்டியில் போய் வரும் நேரம் முழுவதும் இப்படி ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எட்டாம் நாள் பூட்டிய டப்பாவைத் திறந்தேன். காய்ந்த இலையின் மேல் நாலு பச்சைக் குளவிகள் நடந்துகொண்டிருந்தன. ஒன்றுக்குக் கிளை விட்ட கொம்பு. அந்த டப்பாவில் காவடிப்புழு எதுவும் இல்லை. ஐந்தாவது குளவி நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. வெள்ளைக் கோட்டின் முடிவில் இலைத் தோல் உள்ளிருந்து அசைந்தது, ஊசி முனை அளவு துளை விழுந்தது, முதலில் தலை, பிறகு ஒரு கால். வெளியே வந்து சிறகை நீவிக்கொள்ள அதற்கு அரைமணி நேரம் ஆனது. பச்சைக் குளவியின் விருந்தோம்பி இலைக்குள் இருந்த ஈப்புழுதான். நான் எழுதியது தப்பு.

முகமில்லாதவரிடம் தப்பை ஒப்புக்கொண்டு எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அக்கா வீட்டுக்குப் போக அதைவிட அதிக நாள் பிடித்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சீசாவையும் அந்தக் காய்ந்த இலையையும் பூக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அக்கா திறந்து, வழிவிடாமல் நின்றார்.

"உங்க இலையிலேர்ந்து வந்துச்சுக்கா," என்றேன். "நான் வேற மாதிரி எழுதிட்டேன். தப்பு என் மேல."

"இலையில இன்னா வரும்?"

"பாருங்க."

வாசல் வெளிச்சத்தில் நின்றபடியே அவர் பூக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். முதலில் இலையை. "லெவல் லெவலா தோண்டி வெச்சிக்கீது," என்றார் தனக்குத்தானே, சுரங்கத்தைச் சொல்வது போல. பிறகு சீசாவை. வெகுநேரம் பார்த்தார். பார்த்து முடித்ததும் கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு, "வா, உள்ள உக்காரு," என்றார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். பின்லைனில் இருக்கும் மூன்று பேர் இரண்டு மாதம் முன்னால் அவரிடம் வந்திருக்கிறார்கள். மிச்சத் தங்கத்துக்காகத் திட்டைத் தோண்டப் போகிறார்கள், அதற்குச் சாம்பிள் எடுக்கிறார்கள், எடுத்து முடித்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பொம்பளை ஒருத்தி சனிக்கிழமையானால் திட்டடியில் குடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னமோ சேர்க்கிறாள், சீசாவில் நம்பர் ஒட்டுகிறாள், உங்களிடம்தான் சாவி இருக்கிறதே, உள்ளே என்ன வைத்திருக்கிறாள் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"புழுதான் கீதுன்னு சொன்னேன். நம்பல. போட்டோ அனுப்புன்னாங்க. அனுப்பினா, மண்ணுல விஷம் கீதான்னு பாக்கத்தான் புழு வளக்கறாங்கன்னு சொல்றாங்க. நம்பர் இன்னா, நோட்டுல இன்னா எழுதிக்கீதுன்னு கேட்டாங்க."

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டா நீ நெசம் சொல்லுவேன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "இந்த வூட்டுக்கு எங்கிட்ட இன்னா பேப்பர் கீது சொல்லு. எல்லாம் அவரு பேர்ல. நாளைக்கு வந்து போங்கன்னா நான் எங்க போவேன்? பசங்க வூட்டுக்கா?"

நான் கையிலிருந்த சீசாவைத் தரையில் வைத்தேன்.

"முத நாளு போட்டோ எடுக்கத்தான் போனேன். அதுங்க அப்பிடியே அசையாம உக்காந்துக்கினு கீதுங்க. இலை காஞ்சு போயிருந்துச்சு. நீ வர ஒம்பது மணி ஆவுது. மனசு கேக்கல. அப்புறம் போவும்போதெல்லாம் இந்த முத்துக்கொட்டை இலைய கிள்ளிக்கினு போனேன்." ஆமணக்கை இங்கே முத்துக்கொட்டை என்பார்கள்.

"அதுங்க சாப்பிடாதுக்கா. உள்ள குளவி தின்னுட்டுது."

"அது எனக்குத் தெரியுமா?" என்றார். பிறகு, "நீ கதவுக்குப் பின்னால நின்ன. நான் போட்டோ எடுத்தேன். வுடு," என்றார். காப்பி போட எழுந்து போனார். அழுகிறாரோ என்று நினைத்தேன். அழவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு அங்கேயே நின்றிருந்தார்.

அவர் சொன்னதன்பேரில் அந்த மூன்று பேரையும் மறுநாள் எங்கள் வீட்டுக்கே வரச் சொன்னேன். இருவர் வந்தார்கள். ஒருவர் பைக்கில் வந்து மண்ணு டெஸ்ட்டா என்று கேட்டவர். டப்பாக்களை எல்லாம் திறந்து காட்டினேன். கறுப்புக் குளவி, பச்சைக் குளவி, கூடு, வெட்டிய மூடி. அவர்கள் பொறுமையாகப் பார்த்தார்கள். இணையதளத்தில் என் படங்களைக் காட்டினேன். பைக்கில் வந்தவர் என் போனைத் தன் கையில் வாங்கி மேலும் கீழும் நகர்த்தினார்.

"இதுக்குக் கவர்மென்ட்டு இன்னா குடுக்குது?"

"ஒண்ணும் இல்லங்க."

"கம்பெனி?"

"அவங்களுக்குத் தெரியாது."

"அப்போ இன்னாத்துக்குப் பண்றீங்க?"

தெரிந்துகொள்ளத்தான் என்றேன். அந்தப் பதில் எனக்கே போதுமானதாகத் தோன்றவில்லை. அவர் தலையாட்டினார். போகும்போது, வாசலில் இருந்த என் குடையை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு மடக்கி வைத்தார். அவர்கள் போன பிறகு, "நம்பிட்டாங்களாக்கா?" என்று கேட்டேன். "பாதி," என்றார் அக்கா.

பச்சைக் குளவியின் பதிவைத் திருத்தினேன். என் தப்பு எப்படி நடந்தது என்பதையும் கீழே எழுதினேன், பக்கத்து வீட்டாரைப் பற்றி மட்டும் எழுதாமல், டப்பாவில் வேறு இலை சேர்ந்துவிட்டது என்று. முகமில்லாதவர் நன்றி சொன்னார். இப்படி எழுதுகிறவர்கள் குறைவு என்றார். அடுத்த வரியிலேயே, அப்படியானால் கறுப்புக் குளவிகளையும் ஒருமுறை சரிபாருங்கள், கூட்டைக் கட்டியது ஒரு குளவியாகவும் அதைத் தின்று வெளியே வந்தது இன்னொரு குளவியாகவும் இருக்கலாம், கூட்டின் மூடி வட்டமாக வெட்டியிருக்கிறதா, ஓரத்தில் கிழித்த துளையா என்று பாருங்கள் என்று எழுதியிருந்தார். எல்லாக் கூட்டையும் எடுத்துப் பார்த்தேன். பதினொன்றில் வட்ட மூடி. இரண்டில் ஓரத்தில் கரடுமுரடான துளை. அந்த இரண்டிலிருந்து வந்த குளவிகளின் இடுப்பு மற்றவற்றைப் போல இல்லை. அதுவரை எல்லாவற்றையும் ஒன்று என்றே எழுதியிருந்தேன்.

அந்தக் குளவிகளில் இரண்டை எடுத்துச் சாராயத்தில் போட்டு அவர் கொடுத்த முகவரிக்கு அனுப்பினேன். அது கல்லூரி முகவரி இல்லை, ஒரு வீட்டு முகவரி. அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாவியை அக்கா உடனே வாங்கவில்லை. "அந்த ரூம பூட்டிக்க, அப்புறம் குடு. நாளைக்கு ஒண்ணு இல்லன்னா என்னத்தான் பாப்ப," என்றார். உங்களைச் சந்தேகப்பட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேருக்குமே நம்பத் தோன்றியிருக்காது. அறைக்குப் பூட்டு வாங்கினேன். இப்போது அவர் தண்ணீர் பிடிக்க வருகிறார், டிரம்களை நிரப்புகிறார், கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இருக்கும்போது வந்து பூக்கண்ணாடியைக் கேட்பார். எதையாவது பார்ப்பார், கேள்வி கேட்பார். தன் குழாயடிச் செடியில் இலை பறிக்க வேண்டுமானால் சொல்லிவிட்டுப் பறிக்கச் சொல்லியிருக்கிறார்.

போன சனிக்கிழமை மாரிகுப்பம் பக்கம் போயிருந்தேன். ரயில் பாதையோரம் குடையைக் கவிழ்த்துப் பிடித்துச் செடியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் ஒரு பைக் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்காமல் போனை என் பக்கம் உயர்த்திப் பிடித்தார். யாரென்று முகம் தெரியவில்லை. நான் குடையை மடக்கவில்லை. அவர் எடுத்து முடிக்கும் வரை அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பைக் போன பிறகு கையிலிருந்த இலையைத் திருப்பினேன். அடியில் காவடிப்புழுவின் முட்டைகள் நாலைந்து தள்ளித் தள்ளி இருந்தன. பச்சையாக இருக்க வேண்டியவற்றில் இரண்டு, உள்ளே வேறு ஏதோ வளர்வது போல, கறுத்திருந்தன. இலையைக் கத்தரித்துச் சீசாவில் போட்டேன். எண் ஒட்டினேன். விருந்தோம்பி என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.